ஒழுகும் ஹீட்டரை அடைத்துவிட்ட மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

சார்ஜாவில் நாங்கள் இரண்டு பேரும் சுகம். குவைத் மங்காஃபில் நீங்கள் இரண்டு பேரும் சுகமா என்று கேட்டு எழுதிவிட்டு வழக்கமாக அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இந்த முறை அந்தக் கேள்வியைத் தாண்ட முடியவில்லை. காரணம் நீ அனுப்பிய படங்கள். புதுக் குடித்தனத்தைப் பெற்றவர்கள் பார்க்கட்டும் என்று அறை அறையாக எடுத்து அனுப்பியிருக்கிறாய். பிளாஸ்டிக் உறை கழற்றாத செற்றி, அதன் நுனியில் வேலை நேர்முகத் தேர்வுக்கு வந்தவனைப் போல நீ. ஃபிரிட்ஜின் தோளில் கைபோட்டுக்கொண்டு மருமகள் வதனி. எல்லாம் அழகு. கடைசிப் படம் குளியலறை. பெற்ற தாய்க்குக் குளியலறையைப் படம் பிடித்து அனுப்பிய பிள்ளை நீ ஒருவனாகத்தான் இருப்பாய். சுவரில் தொங்கும் ஹீட்டரையும், அதன் அடியில் தங்கப்பல் மாதிரி மின்னும் பித்தளைத் திருகாணியையும் காட்டி, விளக்கமும் எழுதியிருக்கிறாய்: ஹீட்டர் போட்டால் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கட்டடக் காவல்காரரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, நானே திருகாணி வாங்கி வெள்ளை டேப் சுற்றி இறுக்கிவிட்டேன், இனி அது அசையாது, இப்போது ஒரு சொட்டுக்கூட இல்லை.

உன் அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை முகர்ந்து பார்ப்பவரைப் போலக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "பித்தளை! பாத்தீரே, என்ரை பிள்ளை" என்றார். உன் அப்பா ஒரு கைவேலையை மெச்சினால் அதில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது என்பது இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த ஒரே விஞ்ஞானம். ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அடைத்தது ஓட்டையை அல்ல. ஹீட்டர் மூச்சு விடும் வாயை. தண்ணீர் சூடானால் பெருக்கும். பெருத்ததில் கொஞ்சம் அந்த வால்வ் வழியாகச் சொட்டிப் போகவேண்டும், போவதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். அந்த வழி அடைபட்டால் தண்ணீர் வேறு வழி தேடும். அது தேடும் வழியில் நீயோ வதனியோ நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம். உன் அப்பா டியூட்டிக்குப் போனபிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். ஏனென்று போகப்போகத் தெரியும்.

உனக்குச் சார்ஜா என்றால் பள்ளி விடுமுறை. யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்தாய்; விடுமுறைக்கு வந்து ஏ.சி.க்குக் கீழே படுத்து எழும்பிவிட்டுத் திரும்பிப் போனாய். ஆகவே இந்த வீட்டுச் சரித்திரத்தில் பாதி உனக்குத் தெரியாது. ஆனால் குழாய்ச் சங்கதி தெரியும். வதனிக்கு இந்த நாடுகள் புதிது, அவளுக்காகச் சொல்கிறேன். வெயில் காலத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நாள் முழுக்கக் காய்கிறது. அதிலிருந்து நேரே வரும் நீலக் குழாயைத் திறந்தால் அப்படியே தேயிலை போடலாம். ஹீட்டரோ வீட்டுக்குள்ளே, ஏ.சி. குளிரில் தொங்குகிறது. அதை அணைத்துவிட்டால் அதன் வயிற்றில் நிற்கும் தண்ணீர் மெல்ல ஆறிவிடும். ஆகவே வெயில் ஏறத் தொடங்கியதும் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுவோம்; அதன்பிறகு ஹீட்டரிலிருந்து வரும் சிவப்புக் குழாயில் குளிர்தண்ணீர், நீலக் குழாயில் சுடுதண்ணீர். இங்கே தெரிந்த குடும்பங்கள் எல்லாம் இப்படித்தான் குளிக்கின்றன. தெரியாத விருந்தாளிதான் பாவம். உன் மாமி, அப்பாவின் அக்கா, ஒரு யூலை மாதம் வந்து, "எனக்குச் சுடுதண்ணி ஒத்துக்கொள்ளாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு குளிக்கப் போனார். கதவைச் சாத்திய கையோடு உள்ளேயிருந்து கத்தல்: "எடியே, ஆரடி உந்தக் குழாய்க்குள்ளை அடுப்பு மூட்டினது!" நான் வெளியே நின்று, "மச்சாள், சிவப்பைத் திறவுங்கோ, சிவப்பை!" என்றேன். "என்னை அவிச்சுக் கொல்லப் பாக்கிறியே?" என்றார். ஊருக்குத் திரும்பிப் போய், நான் திட்டம் போட்டு அவரைப் புழுக்கியதாகச் சொல்லித் திரிந்தார் என்று கேள்வி. திட்டம் ஒன்றும் போடவில்லை. சொல்ல மறந்துவிட்டேன். அவர் கதவைச் சாத்தும்போதே நினைவு வந்துவிட்டது என்று சிலர் சொல்லலாம். அவர்கள் அங்கே இருக்கவில்லை.

இந்தப் பழக்கத்தில் ஒரு பொல்லாப்பு உண்டு. பாதி வருடம் அந்த ஹீட்டர் வேலையில்லாமல் தொங்குகிறது. இங்கத்தைத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும்தான் மிச்சம். வால்வுக்குள் அது கட்டி பிடிக்கிறது. சூடு போதும் என்று தானாக மின்சாரத்தை வெட்டும் தெர்மோஸ்டாட் துருப்பிடித்துச் சோம்பேறியாகிவிடுகிறது. பிறகு ஒரு காலையில் யாரோ பல்லுக் கிட்டிக்கொண்டு வந்து சுவிட்சைப் போடுகிறார்கள். நீண்ட லீவில் போன ஆளை விமான நிலையத்திலிருந்து நேரே சைட்டுக்கு அனுப்புவதுபோல. திறந்து பார்ப்பவர் இல்லை, கழுவுபவர் இல்லை. ஏனென்றால் இங்கே எல்லாரும் "இன்னும் ரெண்டு வருஷம்தானே" என்று இருப்பவர்கள். சார்ஜாவின் இந்த ரோலாப் பகுதியில், எங்கள் கட்டடத்துக்கு நான் வந்த நாளிலிருந்து எல்லாரும் இரண்டு வருடத்தில் ஊருக்குப் போகப்போகிறார்கள். இரண்டு வருடத்துக்காக யார் ஹீட்டரைக் கழுவுவது? கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விடமாட்டார்கள், திரைச்சீலைக்கு விளிம்பு அடிக்கமாட்டார்கள். மேல்மாடி ராணியக்கா கட்டில்கூட வாங்காமல் தரையில் மெத்தையைப் போட்டார். அவருடைய மூத்தவள் அந்த மெத்தையில் தவழ்ந்து, நடந்து, வளர்ந்து, கல்யாணம் முடித்துப் போயும்விட்டாள். மெத்தை அங்கேயே கிடக்கிறது. நாங்கள் மட்டும் திறமா? எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு நம்மவர்கள் அந்த இரண்டு வருட வசனத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். உன் கல்யாணத்தையே மெட்ராஸில் மண்டபம் பிடித்து நடத்தவேண்டி வந்தது. ஆனாலும் அதற்காக ஒருவரும் எழும்பிப் போய் ஹீட்டரைக் கழுவவில்லை.

இனி உன் அப்பா. நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்த வருடம், குளிர் தொடங்கியவுடன், எங்கள் ஹீட்டரும் உன்னுடையதைப் போலவே சொட்டத் தொடங்கியது. சொட்டு விழுந்தது அவர் சவரச் சாமான் வைக்கும் தட்டில். மீசை வெட்டும் கத்தரிக்கோல் துருப்பிடித்துவிட்டது. வீடு ஒழுகினால் பொறுப்பார். மீசை விஷயத்தில் பொறுக்கமாட்டார். கட்டடப் படம் வரைபவர் அல்லவா, ஊரார் கட்டடங்களுக்கெல்லாம் மயிரிழை பிசகாமல் குழாய் வரைந்து கொடுப்பவர். சொந்த வீட்டுக் குழாயைத் தொட்டதே கிடையாது. அன்றைக்குத் தொட்டார். அலுவலகப் பென்சில் ஒன்றை முறித்து, பிளேடால் சீவி, சொட்டும் துளைக்குள் செருகி, என் இடியப்ப உரலின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். சொட்டு நின்றுவிட்டது. "இஞ்சரும், வந்து பாரும். பிளம்பர் பிளம்பர் எண்டு அலையிற விசரர் எல்லாம் வந்து பாக்கவேணும்" என்றார். "ஏதோ காரணத்துக்குத்தானேயப்பா அதிலை ஓட்டை வைச்சிருப்பாங்கள்?" என்று நான் கேட்டேன். நான் கேட்டதை அறிவு என்று நினைத்துவிடாதே. அவர் எதைச் செய்தாலும் ஒரு நொட்டை சொல்வது என் வழமை, அதைத்தான் செய்தேன். "உமக்கு ஹைட்ராலிக்ஸ் தெரியுமே?" என்றார். "தெரியாது. எழுத்துப் பிழையில்லாமல் டைப் அடிப்பன்" என்றேன். டைப்பிஸ்ட்டால் அதற்கு மேல் வாதாட முடியுமா? அத்தோடு விவாதம் முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து ஃபிளாட்டிலிருந்து முருகேசனையும் அவருடைய அறைக்காரர் இரண்டு பேரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். முருகேசன் அறந்தாங்கிப் பக்கம், தண்ணீர் லாரி ஓட்டுபவர், நாக்கில் எண்ணெய் தடவிப் பிறந்தவர். இங்கே வெள்ளிதான் லீவு, நமக்கோ வெள்ளி மரக்கறி. "அக்கா, ஒங்க கையால சாப்புட குடுத்து வச்சிருக்கணும். ஆனா கறி செய்யிற நாளா பாத்து ஒருநாளும் கூப்புட மாட்டேங்கிறீங்களே" என்று வாசலிலேயே தொடங்கிவிட்டார். அன்று தலைமுழுகும் நாள் என்பதால் ஹீட்டரை வெள்ளெனவே போட்டிருந்தேன். நான் முழுகி வந்துவிட்டேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டே நேரத்தைக் கடத்தினார், ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே யாரோ கல் உருட்டுவதுபோல ஒரு சத்தம். "இஞ்சருங்கோ, அது என்னவோ முனகுது, நிப்பாட்டுவமே?" என்றேன். "நல்லாக் கொதிக்கட்டும், எனக்கு நாரி நோகுது" என்று இடுப்பைப் பிடித்தபடி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

விருந்தாளிகள் கூடத்தில், நான் குசினியில் பாயாசத்தோடு. டப் என்று ஒரு சத்தம். அதன்பின் பெரிய சீறல், பிரஷர் குக்கரின் பாட்டனார் விசிலடித்தது போல. குளியலறைக் கதவு திறந்து வெள்ளைப் புகை வந்தது. புகைக்குள்ளிருந்து அரை முகச் சவர்க்கார நுரையோடும் இடுப்பில் துவாயோடும் உன் அப்பா வந்தார். முருகேசன், "என்னண்ணே, குளிக்கப் போனீங்களா, ரயில் ஓட்டப் போனீங்களா?" என்று கேட்டுவிட்டு, அப்பாவின் தோளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இடது தோள் தக்காளிப்பழமாக இருந்தது. "மெயினை அமத்துங்கடா!" என்று கத்திக்கொண்டு முருகேசனே ஓடிப்போய் அணைத்தார். அந்த நேரம் நான் எங்கே நின்றேன் என்று உனக்குத் தெரியவேண்டும். மாடிப்படியில். கையில் பாயாசச் சட்டியோடு. கட்டடத்துக்கு ஏதோ ஆகிறது என்று விளங்கியவுடன் இந்தக் கைகள் தாமாகப் பற்றியது கட்டிய கணவனை அல்ல, சவ்வரிசியை. இன்றுவரை பாயாசம் வைக்கும் நாளில் அப்பா என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

துளையிலிருந்து புறப்பட்ட பென்சில் அவர் காதோரமாகப் போய்ச் சவரக் கண்ணாடியை உடைத்திருந்தது. அதன் பின்னாலேயே வந்த கொதிநீர்தான் தோளில் பட்டது. முருகேசனின் லாரியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தத் தழும்பு, சைட்டில் வெல்டிங் பொறி பட்டதால் வந்தது என்று உனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மகனே, வெல்டிங் நடக்கும் திசைக்கே உன் அப்பா போனதில்லை. அவர் மேசையை விட்டு எழும்புவது தேத்தண்ணிக்கு மட்டும்.

புது ஹீட்டர் வாங்க ரோலாவில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளர் ஒரு நாடகக்காரர். நடந்ததைக் கேட்டார். அப்பா அரை மனத்தோடு பென்சிலைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதர் கல்லாவில் கையடித்துச் சிரித்தார். "பென்சில்? பாபி, மிட்டாய் பாண்ட்டோ!" என்றார் என்னிடம். ஊருக்கே இனிப்புக் கொடுங்கள் என்று பொருள். பிறகு, "வால்வ் பந்த், கர் கலாஸ்!" வால்வை அடைத்தால் வீடே முடிந்தது என்று சொல்லி, ஹீட்டர் டாங்க் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போவதைக் கையால் நடித்துக் காட்டினார். ராணியக்காவின் மெத்தை வழியாகத்தான் போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பென்சில் சரியாக இறுகாததால் அது பறந்தது. இறுகியிருந்தால் பறந்திருப்பது டாங்க்தான் என்றார். அதோடு நிறுத்தாமல், இருப்பதிலேயே பெரிய ஹீட்டரை எங்கள் தலையில் கட்டவும் பார்த்தார். உன் அப்பாவுக்கு உயிர் தப்பிய சந்தோஷம் துளியும் இல்லை. "நான் அடிச்ச பென்சில் வடிவா இறுகித்தான் இருந்தது" என்று கடை வாசல்வரை வாதாடினார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. குளிர் தொடங்குவதற்கு முன்னே, சுவிட்சைப் போடுவதற்கு முன்னே, ஒரு பிளம்பர் வருவார். மெயினை அணைத்து, டாங்கைக் காலி செய்வார். அடியிலிருந்து வருவதைப் பார்த்தால் இதிலா இத்தனை நாளும் முகம் கழுவினோம் என்று தோன்றும். முட்டைக்கோது மாதிரிச் சுண்ணாம்புத் தகடுகள். சூடாக்கும் கம்பியைக் கழற்றிச் சுரண்டுவார். தெர்மோஸ்டாட் நேரத்துக்கு வெட்டுகிறதா என்று பார்ப்பார். கடைசியில் வால்வின் சின்னக் கைப்பிடியைத் தூக்குவார்: தண்ணீர் பீறிட்டு, விட்டவுடன் நின்றால் சரி, வராவிட்டாலும் பிழை, நிற்காவிட்டாலும் பிழை, புதிது மாற்றவேண்டும். இவ்வளவுதான் வேலை. ஹீட்டர் சூடாகும்போது சொட்டினால் சொட்டட்டும், கீழே ஒரு வாளியை வை. காவல்காரர் வராததற்கு வாளி வைக்கலாம், ஆணி வைக்கக்கூடாது. கல் உருட்டும் சத்தம் கேட்டாலோ குழாய் ஆவி கக்கினாலோ மெயினை அணைத்துவிட்டு இரண்டு பேரும் வெளியே போய் நில்லுங்கள். வீரத்தனமாகக் குழாயைத் திறக்கவேண்டாம், ஆறட்டும். இதை வைத்து இல்லறத்துக்கும் வால்வுக்கும் உவமை சொல்லப்போகிறேன் என்று நீ பயப்படுவது தெரிகிறது. சொல்லமாட்டேன். ஹீட்டர் ஹீட்டர்தான். கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவும் அந்தப் பாயாசச் சட்டியிலேயே முடிந்துவிட்டது.

உன் அப்பாவோ இன்றுவரை, பென்சில்தான் பிழை, யோசனை சரி என்ற கட்சி. உன் படத்தைப் பார்த்துப் பித்தளையை மெச்சியதன் பொருள் இப்போது விளங்கும். நான் பேனா எடுத்ததும் அதே பித்தளையைப் பார்த்துத்தான். அவர் கைவேலை அரைகுறை. நாங்கள் தப்பியது அந்த அரைகுறையால். நீ அப்படி இல்லை. சப்பாத்துக் கயிற்றைக்கூட நீ கட்டினால் கத்தரிக்கோல்தான் வேண்டும். நீ இறுக்கிய ஆணி அசையாது என்று எழுதியிருக்கிறாய். அதை நான் முழுமனத்தோடு நம்புகிறேன். அதனால்தான் நேற்றுப் பின்னேரம், அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து, உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். நீ வேலையால் வந்திருக்கமாட்டாய் என்று தெரிந்துதான் போட்டேன். உன்னிடம் சொன்னால் பித்தளை எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்குச் சொல்வாய்.

"பிள்ளை, ஹீட்டர் போட்டிருக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமி, கொஞ்சம் முந்தித்தான் போட்டனான். இவர் வந்து குளிக்கவேணுமெல்லே" என்றாள் வதனி.

"மெயின் சுவிட்ச் எங்கை எண்டு தெரியுமோ? போய் நிப்பாட்டிப்போட்டு வாரும். குழாய் ஒண்டையும் திறக்கவேண்டாம்."

போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தூரப் போனது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் இங்கே ரிசீவரைக் காதில் வைத்து நசித்துக்கொண்டு நின்றேன். நகைச்சுவையாக எழுதுவதற்கு அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, விட்டுவிடுகிறேன். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"நிப்பாட்டிட்டன் மாமி. ஏன்?"

நிப்பாட்டிவிட்டு வந்து ஏன் என்று கேட்டாள், கவனித்தாயா? இந்தக் குடும்பத்து ஆண்கள் முதலில் ஏன் என்று கேட்பார்கள், பதில் பிடிக்காவிட்டால் நிப்பாட்டவும் மாட்டார்கள். நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பயப்படவில்லை, அழவில்லை. "இவர் வந்தா திரும்பப் போடுவார் மாமி. அந்த ஆணியிலை அவருக்கு அவ்வளவு பெருமை. நான் ஃபியூஸைக் கழட்டி வைக்கட்டே?" என்றாள். அந்த யோசனை எனக்கு வரவில்லை. "என்ன சொல்லுவீர்?" என்றேன். "ஒண்டும் தெரியாதெண்டுவன். நீங்கள் எழுதுங்கோ" என்றாள்.

ஆகவே இந்தக் கடிதம் வந்து சேருகிற வரைக்கும் மங்காஃப் குளிரில் நீ பச்சைத்தண்ணீரில் பல்லைக் கடித்துக்கொண்டு குளித்திருப்பாய். சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்திருப்பாய், காவல்காரரைத் திட்டியிருப்பாய். அவள்மேல் கோபிக்காதே, அவளை நச்சரிக்கவும் வேண்டாம். நல்ல பிளம்பர் ஒருவரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டு, அந்த ஆணியைக் கழற்றி, புது வால்வ் போட்டு, கையோடு அந்த இடத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. குளியலறைப் படம்தானே, உனக்குப் பழக்கம்தான். படம் என் கைக்கு வந்த அன்றைக்கே அவள் ஒளித்துவிட்டு எனக்கு மட்டும் சொன்ன ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று அவளுக்கே போனில் சொல்லுவேன். அதுவரை ஒளித்து வைத்த இடத்தை அவள் மறந்துவிட்டதாக உனக்குச் சொல்லும்படி ஏற்பாடு.

அம்மா